தொடக்கப் பள்ளித் தமிழும் சமூக அறிவியலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டு அரசுப் பாடத்திட்டத்தில் 1 முதல் 5 வரை படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரும், இந்த வகுப்புகளுக்குப் புதிதாக வரும் ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. இரண்டு பாடங்களையும் ஒரே இடத்தில் வைத்துப் பேசக் காரணம் உண்டு. சமூக அறிவியலில் பிள்ளைகள் தடுமாறுவதில் பெரும்பகுதி வாசிப்பில் விழுந்த ஓட்டைதான். தமிழை விட்டுவிட்டு வினாவிடையை மட்டும் மனப்பாடம் செய்ய வைத்தால் அந்த ஓட்டை அடைபடாது.

எந்த வகுப்பில் எந்தப் பாடம் தொடங்குகிறது?

தமிழ் 1ஆம் வகுப்பிலிருந்தே உண்டு. 1, 2 வகுப்புகளில் சமூக அறிவியல் என்று தனியாக ஒன்று கிடையாது. குடும்பம், வீடு, பக்கத்து வீட்டார், நமக்கு உதவுவோர் போன்றவை சூழ்நிலையியலுக்குள் வந்துவிடும். 3ஆம் வகுப்பில்தான் அறிவியலும் சமூக அறிவியலும் பிரிகின்றன. ஆண்டு மூன்று பருவங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் ஒவ்வொரு பருவத்துக்கும் தனிப் புத்தகம் வரும். முதல் பருவப் புத்தகத்தைப் பழைய தாளோடு சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். மூன்றாம் பருவப் பாடம் அதன் மேல்தான் நிற்கும்.

எழுத்துகளை அ, ஆ, இ என்ற வரிசையில்தான் சொல்லித்தர வேண்டுமா?

பாட்டாகச் சொல்ல அந்த வரிசை நல்லது. எழுதவும் வாசிக்கவும் அது தேவையில்லை. ‘அ’, ‘இ’ இரண்டும் வளைவும் சுழியும் நிறைந்தவை. பிஞ்சு விரலுக்கு அவை கடினம். ட, ப, ம, ய என்று கோடும் எளிய வளைவுமான எழுத்துகளில் தொடங்கினால் கை பழகும். மெய் ‘ம்’ ஒன்றைச் சேர்த்தால் படம், மடம், பயம் என்று சொற்களும் உடனே கிடைக்கும். மூன்றாம் நாளே ஒரு சொல்லை வாசித்துவிட்ட பிள்ளை நான்காம் நாள் தானாகப் புத்தகத்தை எடுக்கும்.

247 எழுத்து என்று கேட்டு மலைக்க வேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மீதி 216 உயிர்மெய்க்கும் குறிகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். விதிவிலக்காக நிற்பவை உகர, ஊகார வரிசைகள். அவற்றை க முதல் ன வரை வரிசையாக எழுத வைத்தால் பிள்ளை குழம்பும். வடிவம் பார்த்துப் பிரியுங்கள்: கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு கூட்டம், ஙு, சு, பு, யு, வு ஒரு கூட்டம், ஞு, ணு, து, நு, லு, று, னு ஒரு கூட்டம். ஒரு கூட்டம் கைக்கு வந்த பிறகே அடுத்தது.

‘கெ’ எழுதச் சொன்னால் கொம்பை எழுத்துக்குப் பின்னால் போடுகிறாள். ஏன்?

அவள் காதில் விழுந்த வரிசையில் எழுதுகிறாள். ‘க்’ முதலில் ஒலிக்கிறது, ‘எ’ பிறகு. எழுத்திலோ கொம்பு முன்னால் நிற்கிறது. கெ, கே, கை, கொ, கோ, கௌ ஆறுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. அட்டையில் ‘க’ எழுதி, கொம்புகளைத் தனித் துண்டுகளாக வெட்டி, ஒலியைச் சொல்லிக்கொண்டே பிள்ளையே முன்னால் கொண்டுபோய் வைக்கட்டும். ஒரு வாரம் போதும்.

கூடவே வரும் இன்னொரு பிழை: துணைக்காலுக்கும் ‘ர’வுக்கும் வேறுபாடு தெரியாமல் ‘காரம்’ என்பதில் ‘க’வுக்குப் பின் இரண்டு கால்களாக எழுதுவது. ‘ர’வுக்குக் கீழே சாய்ந்த ஒரு கோடு உண்டு, துணைக்காலுக்கு இல்லை என்று விரலால் தடவிக் காட்டுங்கள். ‘கௌ’வின் பின்பகுதியை ‘ள’ என்று வாசிப்பதும் இதே வகைதான். அப்படி எழுதும் சொற்கள் குறைவு என்பதால் அதற்கு அதிக நேரம் செலவிட வேண்டாம்.

ஒவ்வொரு வகுப்பு முடியும்போதும் என்ன தெரிந்திருந்தால் போதும்?

1ஆம் வகுப்பு முடிவில் பழகிய எழுத்துகளாலான இரண்டு, மூன்று எழுத்துச் சொற்களை எழுத்துக் கூட்டாமல் வாசிக்க வேண்டும்; தன் பெயரைப் பார்க்காமல் எழுத வேண்டும். 2ஆம் வகுப்பில் சிறு வாக்கியங்கள். 3ஆம் வகுப்பு முடிவில் முன்பு பார்க்காத ஒரு பத்தியை வாசித்து அதில் என்ன நடந்தது என்று சொந்தச் சொல்லில் சொல்ல வேண்டும். இந்த மூன்றாம் படிதான் எல்லாவற்றுக்கும் திருப்புமுனை. அதுவரை வாசிக்கக் கற்றார்கள். 4ஆம் வகுப்பிலிருந்து வாசித்துக் கற்க வேண்டும். 4, 5 வகுப்புகளில் விடுப்பு விண்ணப்பம், உறவினருக்குக் கடிதம், குறிப்புகளைக் கொண்டு கட்டுரை, அகரமுதலி பார்த்தல் ஆகியவை சேரும்.

ஒன்றிய அரசு 2021இல் தொடங்கிய நிபுண் பாரத் திட்டம், 3ஆம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொற்களைப் பொருள் புரிந்து வாசிப்பதை இலக்காக வைத்தது. தமிழ்நாட்டில் 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் அதே வயதைக் குறிவைத்ததுதான். ஆனால் சொல் எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டு பிள்ளையை விரட்டாதீர்கள். ‘படித்துக்கொண்டிருந்தார்கள்’ என்பது தமிழில் ஒரே சொல். அப்படி நாலு சொல் வரும் பத்தியில் வேகம் குறையத்தான் செய்யும்.

வாசிப்பை வீட்டில் எப்படிச் சோதிப்பது?

பாடப்புத்தகத்தை எடுக்காதீர்கள், அதில் பாதி மனப்பாடமாகியிருக்கும். சிறுவர் இதழிலோ கதைப் புத்தகத்திலோ பிள்ளை பார்க்காத, ஏறக்குறைய 60 சொற்கள் கொண்ட பத்தி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வாசிக்கச் சொல்லிவிட்டுக் குறுக்கே பேசாமல் இருங்கள். தடுக்கிய சொற்களைத் தனித்தாளில் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் மூன்று கேள்விகள்: பத்தியிலேயே விடை இருப்பது ஒன்று, ‘ஏன்’ என்று ஒன்று, ஒரு சொல்லுக்குப் பொருள் ஒன்று.

தடுக்கும் விதம் நிறையச் சொல்லும். ‘க-ட-ல்’ என்று ஒவ்வொன்றாகக் கூட்டினால் எழுத்து தெரியும், சொல் பழகவில்லை என்று பொருள். ‘மரம்’ என்பதை ‘மயில்’ என்றால் முதல் எழுத்தைப் பார்த்து ஊகிக்கிறது. கடகடவென்று வாசித்துவிட்டு மூன்று கேள்விக்கும் விழித்தால், கண்ணும் வாயும் மட்டுமே வேலை செய்தன. இந்தக் கடைசி வகைப் பிள்ளைகளே அதிகம் கவனிக்கப்படாமல் போகிறவர்கள். சத்தமாகப் படிப்பதால் வகுப்பில் நல்ல பெயரும் வாங்கிவிடுவார்கள்.

ந, ன, ண குழப்பம் தீரவே இல்லை. விதி ஏதாவது உண்டா?

உண்டு. சொல்லின் நடுவே த-வுக்கு முன் ‘ந்’ (பந்து), ட-வுக்கு முன் ‘ண்’ (நண்டு), ற-வுக்கு முன் ‘ன்’ (கன்று). தந்நகரம், டண்ணகரம், றன்னகரம் என்ற பெயர்களே இந்த விதியைச் சொல்லிவிடுகின்றன. ‘மூணு சுழி, ரெண்டு சுழி’ என்று மட்டும் பழக்கினால் எத்தனை சுழி என்பது நினைவிருக்கும், எங்கே போடுவது என்பது தெரியாது. சொல்லின் முதலில் வருவது ‘ந’ மட்டும்தான். ண, ன இரண்டும் தமிழ்ச் சொல்லுக்கு முதலாக வராது.

ர, ற: தமிழ்ச் சொல் எதுவும் ‘ற’வில் தொடங்காது. ‘ற்ற’ என்று இரட்டிக்கும், ‘ர’ தன்னோடு இரட்டிக்காது. இன்னொன்றும் சொல்லிவைக்க வேண்டும், பெரியவர்களே தவறவிடுவது: ட், ற் இரண்டுக்கும் பின்னால் இன்னொரு புள்ளி எழுத்து வராது. ஆகவே ‘முயற்ச்சி’, ‘காட்ச்சி’ பிழை. முயற்சி, காட்சி சரி. ‘ர்’ அப்படியில்லை, ‘பார்க்க’, ‘சேர்த்து’ என்று வரும்.

ல, ள, ழ மூன்றும் விதியால் வராது, வாயால்தான் வரும். ‘ல’வுக்கு நுனிநாக்கு மேற்பல்லின் அடியைத் தொடும். ‘ள’வுக்கு நாக்கு மடிந்து மேலண்ணத்தைத் தொடும். ‘ழ’வுக்கு நாக்கு மடியும், ஆனால் அழுந்தத் தொடாது. வலி, வளி, வழி என்று மூன்று அட்டை எழுதி, நீங்கள் ஒன்றைச் சொல்ல, பிள்ளை சரியான அட்டையை எடுக்கட்டும். காது பிரித்தறிந்தால்தான் கை சரியாக எழுதும். வீட்டுப் பேச்சில் ‘ழ’ எல்லாம் ‘ள’வாக இருக்கும் பகுதிகளில் இதற்குப் பல மாதம் ஆகும். பிள்ளை மந்தமானது என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

சொல்வதெழுதுதல் தினமும் வைக்கலாமா?

வைக்கலாம், 10 சொல்லுக்கு மேல் வேண்டாம். அவற்றில் ஆறேழு தெரிந்தவை, மீதி புதியவை. புதியவற்றை எழுதும் முன் ஒருமுறை கண்ணால் பார்க்க விடுங்கள். பிழையான சொல்லை இருபது முறை எழுத வைப்பதால் பயனில்லை. ஐந்தாம் முறையிலிருந்து கை தானாக ஓடும், சில சமயம் பிழையோடே ஓடும். பிழை எந்த எழுத்தில் என்று பிள்ளையே வட்டமிட்டு, சொல்லை மறைத்து, ஒருமுறை எழுதி, மறுநாள் பட்டியலில் அதே சொல் திரும்ப வரட்டும்.

பேசுவது போலவே எழுதுகிறான். திருத்தலாமா?

‘எங்க வீட்ல மாடு இருக்கு, அது நெறய பால் குடுக்கும்’ என்று ஒரு பிள்ளை எழுதினால் அதில் இரண்டு முழுக் கருத்து இருக்கிறது. முதலில் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். பிறகு அதே வாக்கியத்துக்குக் கீழே ‘எங்கள் வீட்டில் மாடு இருக்கிறது. அது நிறையப் பால் கொடுக்கும்’ என்று எழுதி, இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். வீட்ல என்பது வீட்டில், இருக்கு என்பது இருக்கிறது, வந்தாங்க என்பது வந்தார்கள். இப்படி இணை இணையாக நோட்டில் சேர்ந்துகொண்டே போகட்டும். 2ஆம் வகுப்பு வரை சிவப்பு மை வேண்டாம். எடுத்த எடுப்பில் திருத்தினால் பிள்ளை எழுதுவதைக் குறைத்துக்கொள்ளும். தெரிந்த நாலு வாக்கியத்தையே திரும்ப எழுதும்.

இலக்கணம் எந்த அளவு?

பெயர்ச்சொல், வினைச்சொல், ஒருமை பன்மை, முக்காலம், உயர்திணை அஃறிணை. வரையறையை ஒப்பிப்பதைவிட வாக்கியத்தில் பொருத்துவதே முக்கியம். அதிகம் வரும் பிழை ‘மாடுகள் மேய்ந்தது’. மேய்ந்தன என்று வர வேண்டும். பேச்சில் அஃறிணைப் பன்மைக்குத் தனி வினை இல்லாததால் இது காதுக்குத் தப்பாகவே படாது; வாய்விட்டு வாசித்துத்தான் பழக வேண்டும். வல்லினம் மிகும் இடங்களில் மூன்றை மட்டும் பழக்கினால் 5ஆம் வகுப்புக்குப் போதும்: அந்த, இந்த, எந்த என்பவற்றின் பின் (அந்தப் பையன்), ‘ஐ’ உருபின் பின் (பாடத்தைப் படி), ‘கு’ உருபின் பின் (வீட்டுக்குப் போ).

குறள், பாடல் மனப்பாடம் தேவையா?

தேவை. ஓசை உள்ளே இறங்க வேறு வழி இல்லை. குறளில் முதல் அடிக்கு நாலு சீர், இரண்டாம் அடிக்கு மூன்று சீர். கைதட்டிச் சீர் பிரித்துச் சொன்னால் விரைவில் நிற்கும், எழுதும்போதும் சொற்கள் சரியாகப் பிரியும். பொருளை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு பாடம் பண்ண வையுங்கள்.

சமூக அறிவியலில் வாயால் விடை சொல்கிறாள், எழுதச் சொன்னால் வரவில்லை.

நிர்வாகம், வருவாய், எல்லை, பாரம்பரியம், வாக்காளர். இந்தச் சொற்களைப் பிள்ளை வீட்டில் கேட்டதே இல்லை. பாடம் தொடங்குமுன் அதிலிருந்து ஐந்து புதுச் சொற்களை எடுத்து, ஒவ்வொன்றையும் அவளுக்குத் தெரிந்த ஒன்றோடு சேர்த்துச் சொல்லுங்கள். பிறகு ஒரு பத்தியை மட்டும் வாசித்து, யார், என்ன, எங்கே, எதற்கு என்பவற்றுக்கு அடிக்கோடு. புத்தகத்தை மூடிவிட்டு வாயால் சொல்லட்டும். சொன்னதையே எழுதட்டும். விடை இரண்டு வரியானாலும் அவளுடையது. வினாவிடை உரைநூலைப் பார்த்து எழுதிய எட்டு வரியைவிட இதற்கு மதிப்பு அதிகம்.

வரைபடம் எப்படிச் சொல்லித்தருவது?

இதற்கு அவசரப்படக் கூடாது. நாலைந்து நாள் ஒதுக்குங்கள். எட்டு வயதுப் பிள்ளையிடம் தெருவை வரையச் சொன்னால் வீடுகளைக் கூரை, கதவு, ஜன்னலோடு முன்பக்கத்தோற்றமாக வரையும். மேலிருந்து பார்க்கும் பழக்கம் அதற்கு இன்னும் வரவில்லை. எனவே முதல் நாள் மேசை மேல் ஒரு டம்ளர், ஒரு பெட்டி, ஒரு புத்தகம் வைத்து, ஸ்டூலில் நின்று நேர் மேலிருந்து பார்த்து வரையட்டும். டம்ளர் வட்டமாகவும் பெட்டி செவ்வகமாகவும் தாளில் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து அறை. சுவரோரம் நடந்து காலடி எண்ணி, 2 காலடிக்கு 1 செ.மீ. என்று தாளில் கோடு. 12 காலடிச் சுவர் 6 செ.மீ. ஆகும். அளவை என்பது என்ன என்று தனியாக விளக்க வேண்டியதே இல்லை. மூன்றாவதாகத் தெரு: முதலில் சாலை, பிறகு வளைவுகள், கடைசியில் கட்டடங்கள். கட்டடத்திலிருந்து தொடங்கினால் சாலைக்கு இடமிருக்காது.

திசைக்கு, காலையில் சூரியனைப் பார்த்து நின்றால் எதிரே கிழக்கு, முதுகுப்பக்கம் மேற்கு, இடக்கை வடக்கு, வலக்கை தெற்கு. மார்ச், செப்டம்பர் மாதங்களின் மூன்றாம் வாரத்தை ஒட்டித்தான் சூரியன் சரியாகக் கிழக்கில் உதிக்கும். மற்ற நாளில் கொஞ்சம் தள்ளியிருக்கும் என்பதையும் சொல்லிவிடலாம், பிள்ளைகளுக்கு இது பிடிக்கும். சுவரில் தொங்கும் வரைபடத்தைப் பார்த்து ‘வடக்கு என்றால் மேலே’ என்று பதிந்துவிடுவது பெரிய சிக்கல். வரைபடத்தைத் தரையில் விரித்து, அதன் வடக்கு உண்மையான வடக்கைப் பார்க்கும்படி திருப்பி வைத்துப் படிக்கப் பழக்குங்கள். தலைப்பு, திசைக்குறி, குறியீடுகளின் விளக்கம், அளவை என நான்கும் இருந்தால் அது வரைபடம், இல்லையென்றால் படம்தான்.

ஆண்டுகளும் நூற்றாண்டுகளும் தலையில் ஏறுவதில்லையே?

நீள நாடா ஒன்றை எடுத்து, 10 ஆண்டுக்கு 1 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். வலது ஓரம் இன்று. பிள்ளையின் வாழ்நாள் 1 செ.மீ.கூட வராது. தாத்தா பிறந்தது 7 செ.மீ. தள்ளி, நாடு விடுதலை பெற்ற 1947 ஏறக்குறைய 8 செ.மீ. தள்ளி. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டி முடித்த 1010 ஒரு மீட்டருக்குச் சற்று அப்பால். கரிகாலன் பெயரோடு சொல்லப்படும் கல்லணை ஏறக்குறைய இரண்டு மீட்டரில். கீழடியின் தொடக்கம் கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்டது. அதற்கு இரண்டரை மீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். நடந்துபோய்த் தொட்டுவிட்டு வந்த பிள்ளை ‘ரொம்ப காலத்துக்கு முன்னாடி’ என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டாது.

இரண்டு இடத்தில் தவறும். 1010 என்பது 11ஆம் நூற்றாண்டு, 10ஆம் நூற்றாண்டு அல்ல. கி.மு. 300 என்பது கி.மு. 200க்கு முந்தையது. நாடாவில் இரண்டையும் குறித்துக் காட்டினாலே போதும்.

ஐவகை நிலங்களில் பாலைக்கு ஒட்டகம் வரைகிறார்கள். சரியா?

சரியில்லை. குறிஞ்சி மலை, முல்லை காடு, மருதம் வயல், நெய்தல் கடற்கரை. பாலை தனியாக ஓரிடத்தில் கிடக்கும் மணல்வெளி அல்ல. மழை பொய்த்து முல்லையும் குறிஞ்சியும் வறண்டு திரிந்த நிலையைத்தான் தமிழ் மரபு பாலை என்றது. இலை உதிர்ந்த மரமும் வெடித்த தரையும் வரைந்தால் பொருந்தும். தமிழ்ப் பாட்டும் நிலவியலும் ஒன்றாகச் சேரும் பாடம் இது. பிள்ளை வாழும் ஊர் எந்த நிலம் என்று கேட்டுத் தொடங்குங்கள்.

ஊராட்சித் தலைவர், கிராம நிர்வாக அலுவலர், மாவட்ட ஆட்சியர் எல்லாரையும் குழப்பிக்கொள்கிறான்.

தாளை நடுவில் மடியுங்கள். இடப்பக்கம் மக்கள் ஓட்டுப்போட்டு வருபவர்கள்: கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர், நகர்மன்ற உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர். வலப்பக்கம் அரசு பணியமர்த்துபவர்கள்: கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர், மாவட்ட ஆட்சியர். முதல் வகையினருக்கு ஐந்தாண்டுப் பதவிக்காலம்; இரண்டாம் வகையினர் மாற்றலாகிப் போவார்கள். இந்த ஒரு மடிப்பு தெளிந்தால் பாடத்தில் முக்கால்வாசி புரிந்துவிடும்.

கிராமப்புறத்துக்குக் கிராம ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி. நகர்ப்புறத்துக்குப் பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி. உங்கள் வீட்டு வரி ரசீதின் தலைப்பைக் காட்டுங்கள், நீங்கள் எதில் இருக்கிறீர்கள் என்று பிள்ளையே சொல்லும். தெருவிளக்கு எரியவில்லை, குடிநீர் வரவில்லை என்றால் எந்த அலுவலகம் போவது என்ற கேள்வியும் அங்கிருந்தே பிறக்கும். சென்னை மாநகராட்சி 1688இல் தோன்றியது என்றால் பிள்ளைகள் வியப்பார்கள். நேரமிருந்தால் நாடாவில் குறியுங்கள்.

ஆங்கில வழிப் பள்ளியில் படிக்கிறாள். இவையெல்லாம் பொருந்துமா?

பொருந்தும். 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தமிழ் கட்டாயப் பாடம். சமூக அறிவியலை மட்டும் ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைக்கு, கருத்தை முதலில் வீட்டுத் தமிழில் பேசிவிடுங்கள். புரிந்த பின் ஆங்கிலச் சொல் ஒட்டிக்கொள்ளும்.

மதிப்பெண் நன்றாக இருக்கிறது. அப்படியானால் கவலை இல்லைதானே?

பருவத்தின் நடுவே செய்யும் செயல்பாடுகளுக்கான வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதித் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. முதல் 40இல் ஒட்டிய படத்துக்கும் செய்த அட்டைக்கும் பங்குண்டு. அவற்றை நீங்கள் செய்து கொடுத்திருந்தால் அந்த எண் உங்களுடையது. 8ஆம் வகுப்பு வரை எல்லோருக்கும் தேர்ச்சி என்பதால் ‘பாஸ்’ என்ற சொல்லும் எதையும் காட்டாது. ஆசிரியரைச் சந்திக்கும்போது மதிப்பெண்ணைக் கேட்காமல், ‘தெரியாத பத்தியைப் படித்துப் புரிந்துகொள்கிறாளா?’ என்று கேளுங்கள்.

4ஆம் வகுப்பு, இன்னும் வாசிக்கத் தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

நின்ற இடத்திலிருந்து. எழுத்து, சொல், வாக்கியம், பத்தி என்று நான்கு படியில் எங்கே நிற்கிறான் என்று பாருங்கள். எழுத்தில் நின்றால் 18 உயிர்மெய் அகரத்தையும் கலைத்துக் காட்டி, தெரியாதவற்றை மட்டும் பிரித்தெடுங்கள். பெரும்பாலும் ங, ஞ, ண, ழ, ற போன்ற ஐந்தாறுதான் இருக்கும். பிறகு குறிகள். நாளொன்றுக்கு 20 நிமிடம், வாரத்தில் ஆறு நாள். முதல் 5 நிமிடம் நேற்றையது, 10 நிமிடம் புதியது, கடைசி 5 நிமிடம் நீங்கள் வாசிக்க அவன் கேட்பது. அந்தக் கடைசி ஐந்தை விட்டுவிடாதீர்கள். கதை பிடித்தால்தான் எழுத்தைத் தேடி வருவான்.

தம்பி தங்கையின் 1ஆம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுத்துக் கூசவைக்க வேண்டாம். அவன் வயதுக்கேற்ற செய்தியை எளிய சொற்களில் நீங்களே ஐந்து வரி எழுதிக் கொடுங்கள். மூன்று மாதத்தில் படி ஒன்றுகூட ஏறவில்லை என்றாலும், பலகை எழுத்துக்குக் கண்ணைச் சுருக்கினாலும், கூப்பிட்டால் திரும்பவில்லை என்றாலும் முதலில் கண், காது பரிசோதனை. அதிலும் குறை இல்லையென்றால் கற்றல் குறைபாடு உள்ளதா என்று பார்க்க வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைப் பள்ளி மூலம் அணுகுங்கள்.